மூன்றாவது சீட்டு

எங்கள் சபையில் யாராவது ஒரு காரியத்தைக் கேட்டு, முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மனசு வராவிட்டால், "ஜெபிச்சுச் சொல்றோம்" என்பார்கள். கேட்டவருக்கும் புரிந்துவிடும். தந்த காப்பியைக் குடித்துவிட்டு, "ஆண்டவருக்குச் சித்தமானா நடக்கட்டும்" என்று எழுந்து போவார். உண்மையாகவே ஜெபித்துவிட்டு வந்து பதில் சொல்கிறவர்களும் உண்டு. வார்த்தை ஒன்றுதான் என்பதால், எது எந்த வகை என்று சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் சொல்லும்போது என் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். எனக்குத்தான் ரொம்பக் காலம் தெரியாமல் இருந்தது.

நான் திண்டுக்கல்லில் ஒரு பீரோ பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவன். ஐந்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு வாசித்தது எல்லாம் வேதம்தான், விரலை வைத்து வரி வரியாக. கூச்ச சுபாவம். கோயிலில் கடைசி வரிசையில், மின்விசிறி சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் உட்காருவேன். எந்த சுவிட்சு எந்த விசிறிக்கு என்று எனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். பிரசங்கத்துக்கு நடுவில் யாராவது திரும்பி மேலே விரலைக் காட்டினால் போட்டுவிடுவேன். இருபது வருஷமாக நான் செய்த ஊழியம் அதுதான். எனக்கு அதுவே நிறைவாக இருந்தது.

வேறு வேலைக்கும் கூப்பிடாமல் இல்லை. ஒரு தடவை ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டேன். வயிற்றைக் கலக்கியது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று வேண்டாம், வேண்டாம் என்றது. எழுந்து வந்து, "சமாதானம் இல்லை, ஆண்டவர் தடை பண்றார்" என்று மனைவியிடம் சொன்னேன். அடுத்த வருஷம் கமிட்டிக்குக் கூப்பிட்டபோதும் அப்படித்தான். மச்சான் புது வீட்டுப் பால்காய்ப்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோதும் அப்படித்தான்.

அந்தத் தடவை மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம். ஒங்க ஆண்டவருக்கும் ஒங்கள மாதிரியே கூச்சமா?"

"என்ன பேச்சு இது?"

"இல்ல, மைக்குன்னா அவருக்கு ஆகல. மேடைன்னா ஆகல. விசேஷ வீட்டுல முன்வரிசைன்னா ஆகல. பட்டறைக்குப் போ, திரும்பி வா, இத மட்டும் தெனமும் சொல்லிடுறாரு."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். நம்மைப் பற்றிய உண்மையை யாராவது கேலியாகச் சொன்னால் ஒரு வசதி. சிரித்துவிட்டு விட்டுவிடலாம்.

எங்களுக்கு ஒரே மகள். கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி அளவு பார்க்கிற வேலை. ஒரு கிறிஸ்துமஸுக்கு நாலைந்து சபைகள் சேர்ந்து பாட்டு ஒத்திகை வைத்தார்கள். அங்கே கொடைரோட்டுப் பையன் ஒருவனைப் பார்த்திருக்கிறாள். திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக்கொடுக்கிற பையன். பையனின் அம்மா முறையாக எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். மகள் தன் அம்மாவிடம் "பிடிச்சிருக்கு" என்று சொன்னாளாம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவும்போது ஒரே கீர்த்தனையை முனகிக்கொண்டே இருந்தாள். ஒத்திகையில் அவள் பாடிய இரண்டாம் குரல் அது. முதல் குரலை யார் பாடினார்கள் என்று நான் கேட்கவில்லை.

எனக்கும் பையனைப் பிடித்திருந்தது. ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். என்னைக் கண்டதும் வண்டியை விட்டு இறங்கி, என்ன பேசுவது என்று தெரியாமல், தலைக்கவசத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே நின்றான். நம்ம ஆள் என்று மனசுக்குள் நினைத்தேன்.

சிக்கல் பையனின் அப்பாவிடம் இருந்து வந்தது. அவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு திங்கட்கிழமை போன் பண்ணினார். அவர் பேசினால் வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கும்.

"ஸ்தோத்திரம் பிரதர். வர்ற சனிக்கிழமை குடும்பத்தோட வாங்க. ரெண்டு சபைப் பெரியவங்களும் இருப்பாங்க. எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு உண்டு. பொண்ணோட அப்பாதான் எழுந்து நின்னு ஜெபம் பண்ணி, நாலு வார்த்தை பேசித் தொடங்கி வைப்பாரு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"சரிங்க சார்" என்றேன். 

நான் யார் முன்னாலும் வாய்விட்டு ஜெபித்தது கிடையாது. வீட்டில்கூட மனைவிதான் ஜெபிப்பாள், நான் ஆமென் சொல்லுவேன். தலைமையாசிரியரும் பெரியவர்களும் கண்ணை மூடிக் காத்திருக்க, நடுவில் நின்று நான் திக்குவதை நினைத்துப் பார்த்தேன். மகள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். இவள் அப்பாவுக்கு ஒரு ஜெபம்கூட வராதா என்று அவர்கள் நினைப்பார்கள். வயிறு கலங்கத் தொடங்கியது. அன்றைக்கும் மறுநாளும் கலங்கியது. எனக்குத் தெரிந்த அடையாளம் அது ஒன்றுதான். ஆண்டவர் தடை பண்ணுகிறார் என்று தோன்றியது.

எங்கள் வீட்டு அலமாரியில் பேக்கரி ரொட்டி வடிவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. உள்ளே வேத வசனம் அச்சடித்த சின்னச் சின்னச் சீட்டுகள். காலை ஜெபத்தில் ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து வாசித்துவிட்டு, பின்வரிசையில் சொருகிவிடுவோம். பல கிறிஸ்தவ வீடுகளில் இது உண்டு. அன்றைய நாளுக்கு ஆண்டவர் கொடுக்கும் வாக்குத்தத்தம் அது. முக்கியமான காரியம் என்றால் தனியாக ஜெபித்து எடுப்பதும் உண்டு. சட்டம் ஒன்றுதான். ஒரு காரியத்துக்கு ஒரு சீட்டு.

புதன்கிழமை விடிகாலையில் மனைவியும் மகளும் எழுவதற்கு முன் பெட்டியை எடுத்தேன். ஜெபித்தேன். ஒரு சீட்டை உருவி, விரலை வைத்து வாசித்தேன்.

எனக்கு வாய் திக்கும், வேறு யாரையாவது அனுப்பும் என்று மன்றாடிய ஒருவருக்கு ஆண்டவர் சொன்ன பதில் அது. நீ போ, பேச வேண்டியதை நான் கற்றுத் தருகிறேன் என்கிற மாதிரி வரும்.

இது வேறு காரியத்துக்கு உரியது என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பச் சொருகிவிட்டு இன்னொன்றை எடுத்தேன். வயல்மேல் மழை பெய்வதைப் பற்றி இருந்தது. எனக்கு வயல் இல்லை. அதையும் சொருகினேன். மூன்றாவது சீட்டு பொறுமையாகக் காத்திருக்கச் சொன்னது. அதை வாசித்ததும் வயிறு அடங்கிவிட்டது. மூச்சு சீராக வந்தது. பார், சமாதானம் வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

காலை ஜெபத்தில் அந்தச் சீட்டை மகளிடம் நீட்டினேன். "ஒங்கல்யாணத்துக்காக ஜெபிச்சு எடுத்தேன் பாப்பா. காத்திருக்கச் சொல்லி வந்திருக்கு."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். மகள் சீட்டைப் பார்த்தாள். அவள் இரண்டு தடவை வாசித்தாள். பிறகு "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். நான் பொய் சொல்லுவேன் என்று அவள் நினைத்ததே இல்லை. அன்று சாயங்காலம் தலைமையாசிரியருக்குப் போன் போட்டு, "ஜெபிச்சுச் சொல்றோம் சார்" என்றேன். அவர், "நல்லது பிரதர்" என்றார்.

மூன்று வாரம் போனது. பாத்திரம் கழுவும்போது பாட்டுச் சத்தம் இல்லை. மற்றபடி மகள் எப்போதும் போலத்தான் இருந்தாள். காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தை என் பையில் வைத்தாள். தொட்டுக்க வெஞ்சனம் எது என்று கேட்டால் சொன்னாள். காலை ஜெபத்தில் மட்டும் சீட்டு எடுக்காமல், "நீங்க எடுங்க, நேரமாச்சு" என்று எழுந்துவிடுவாள். நான்காவது வாரம் புதன்கிழமை, பையனின் அம்மா என் மனைவிக்குப் போன் பண்ணினார்கள். வத்தலகுண்டில் இருந்து ஒரு இடம் வந்திருக்கிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறோம், உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசில்லை என்றார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அழுகிற மாதிரி சொன்னார்களாம்.

மறுநாள் பட்டறையில் என் முதலாளி பாய் என்னைக் கூப்பிட்டார். எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. பெயிண்ட் அடித்தவன் தன் பீரோவைத் தானே பார்த்துச் சரி என்று சொல்லக்கூடாது. வேறு ஒருவர் டியூப்லைட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். நேராகப் பிடித்தால் எல்லாம் பளபளப்பாகத்தான் தெரியும். சாய்த்துப் பிடித்தால்தான் மேடு பள்ளமும் பெயிண்ட் வழிந்ததும் நிழல் கட்டிக் காட்டும். நான் அடித்ததைப் பாய்தான் பார்ப்பார்.

"அப்பு, இங்க வா. இது என்ன?"

கைப்பிடிக்குக் கீழே இரண்டு இடத்தில் வழிந்திருந்தது.

"நான் பாத்தப்போ தெரியலையே பாய்."

"நீ பாத்தா எப்படித் தெரியும்? ஒங்கையி அடிச்சது ஒங்கண்ணுக்கு மாப்பிள்ள கணக்காத்தான் நிக்கும்."

மாப்பிள்ளை என்ற வார்த்தையைக் கேட்டு என் முகம் மாறியிருக்க வேண்டும். அவர் டியூப்லைட்டைக் கீழே வைத்தார். "என்ன அப்பு, ஒரு மாசமா வழிய வழிய அடிக்கிற. வீட்டுல என்ன?"

சபையில் யாரிடமும் சொல்ல முடியாததை அவரிடம் சொல்ல முடிந்தது. தலைமையாசிரியர், ஜெபம், பெட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காலி பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"ஒரு காரியத்துக்கு எத்தன சீட்டு எடுக்கணும்?"

"ஒண்ணு."

"நீ எத்தன எடுத்த?"

"மூணு."

"மொத சீட்டு என்னாச்சு?"

"பெட்டிலயே போட்டுட்டேன்."

"அப்ப அது யாருக்கு வந்துச்சு? பெட்டிக்கா?"

 அவர் சிரித்தார். "நாங்களும் கேப்போம் அப்பு. தொழுதுட்டு, இது எனக்கு நல்லதுன்னா லேசாக்கு, இல்லாட்டித் தூரமாக்குன்னு கேட்டுட்டுக் கெளம்பிருவோம். நீ உக்காந்த எடத்துலயே கேக்குற. இது என்னமோ நான் பெரிய யோக்கியன்னு சொல்லல. எம்மச்சான் வீட்டு விருந்துக்கு அல்லா நாடலைன்னு சொல்லிப் போகாம இருந்தவந்தான் நான். காரணம் என்னன்னா அவன் வீட்டுத் தால்ச்சா வாயில வைக்க வெளங்காது."

பிறகு எழுந்து என் தோளில் தட்டினார். "வீட்டுக்குப் போ. இன்னைக்கு நீ எத அடிச்சாலும் வழியத்தான் செய்யும்."

நான் வந்தபோது மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மகள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, பையைக்கூட இறக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். பின்வரிசையில் தேடி அந்த முதல் சீட்டை எடுத்தேன். கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. 

"அன்னைக்கு மொதல்ல வந்தது இது" என்று மகளிடம் கொடுத்தேன். "நான் திரும்ப வச்சிட்டேன். ஒனக்குக் குடுத்தது மூணாவதா எடுத்தது. அவங்க முன்னாடி ஜெபிக்கச் சொன்னாங்க. பயந்துட்டேன் பாப்பா."

மகள் வாசித்தாள். "அப்ப ஆண்டவர் காத்திருக்கச் சொல்லலையா?"

"அது எனக்குத் தெரியல. சொன்னது நாந்தான்."

அவள் சீட்டை மடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப மெதுவாகப் பேசினாள். "மூணு வாரத்துக்கு மேல நான் ஆண்டவருகிட்ட பேசறதில்லப்பா. கோயில்ல வாய் மட்டும் பாடுது. எனக்குன்னு நான் கேட்டதே இது ஒண்ணுதான், அதுக்கும் இப்படிச் சொல்லிட்டாரேன்னு. அம்புட்டுக் கோவம் எனக்கு அவருமேல."

அதைக் கேட்ட பிறகுதான் நான் செய்தது என்ன என்று எனக்கே தெரிந்தது. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் பயத்தை எடுத்து ஆண்டவர் வாயில் வைத்திருக்கிறேன். எனக்கு வர வேண்டிய கோபத்தை அவர் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

"எம்மேல கோவப்படு பாப்பா" என்றேன்.

"படத்தான் போறேன். செத்த நேரம் இருங்க. மொகம் கழுவிட்டு வந்து படுறேன்."

அவள் பின்பக்கம் போனதும் மனைவி கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "அவ வர்றதுக்குள்ள போனப் போடுங்க. நாளைக்கின்னு சொன்னீங்கன்னா மறுபடியும் ஜெபிக்கப் போயிருவீங்க."

"ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"மொகத்தப் பாத்தாத் தெரியாதா? சீட்டுன்னு ஒண்ணக் காட்டுறீங்களேன்னு வாய மூடிக்கிட்டேன். என் தப்பும்தான்."

போன் போட்டேன். தலைமையாசிரியரே எடுத்தார்.

"நான் பொண்ணோட அப்பா பேசுறேன் சார்."

"சொல்லுங்க பிரதர். ஜெபிச்சு முடிச்சாச்சா?"

அந்தக் கேள்வியில் ஒரு சின்ன ஊசி இருந்தது. எனக்கு அது வேண்டியதுதான். "நான் ஜெபிச்சுச் சொல்றேன்னு சொன்னது நெசமில்லைங்க சார். எனக்கு எல்லாரு முன்னாடியும் ஜெபிக்க வராது. படிப்பும் இல்ல. ஒங்க முன்னாடி நிக்கப் பயந்துக்கிட்டு ஆண்டவர் பேரச் சொல்லிட்டேன். ஒங்க பையன எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நீங்க வத்தலகுண்டுக்குப் போறதா இருந்தா அது ஒங்க இஷ்டம். உண்மைய மட்டும் சொல்லிடணும்னு தோணுச்சு."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதில்லை. அந்தப் பக்கம் ரயில் ஒன்று கடந்து போகும் சத்தம் கேட்டது. கொடைரோட்டில் ரயில் போகும்போது யாரும் பேசமாட்டார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த ரயில் மாதிரி நீளமான ரயிலை நான் கேட்டதே இல்லை.

சத்தம் ஓய்ந்ததும் அவர் சொன்னார். "வத்தலகுண்டுக்கு நான் பேசிக்கிறேன். இங்க பையன் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடாம உக்காந்திருக்கான். ஜெபத்தப் பத்திக் கவலப்படாதீங்க. எங்க மூத்தவன் கல்யாணத்துல பொண்ணு அப்பா முக்கா மணி நேரம் ஜெபிச்சாரு. பாயசம் ஆடை கட்டிப்போச்சு. நீங்க நாலு வரில முடிச்சா எங்க வீட்டுல உங்களத் தூக்கி வச்சுக் கொண்டாடுவாங்க. சனிக்கிழமை வந்துருங்க."

வைத்த பிறகு திரும்பிப் பார்த்தேன். மகள் முகம் கழுவி, துடைக்காமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபப்பட வந்தவள் அதை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. பாதிதான் போனது என்று நினைக்கிறேன். மீதியை அடுத்த சில வாரம் அங்கங்கே எனக்குக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது எனக்கு அதே வயிற்றுக் கலக்கல். பாதி வழியில் இறங்கிவிடலாமா என்றுகூட இருந்தது. மனைவி என் கையில் ஒரு ஆரஞ்சு மிட்டாயை வைத்தாள். அப்போது ஒன்று தோன்றியது. போகாமல் இருந்தபோதும் இந்தக் கலக்கல் இருந்தது. போகிறபோதும் இருக்கிறது. வேதபாடத்துக்கும் இதுதான், மைக்குக்கும் இதுதான். அப்படியானால் இது என் வயிறு. பாவம், அது தன் வேலையைச் செய்கிறது. அதற்கு நான் இத்தனை வருஷமாக வேறு பெயர் வைத்திருந்தேன்.

அந்த வீட்டுக் கூடத்தில் எழுந்து நின்றேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. விசிறி சுவிட்சுகள் எங்கே இருக்கின்றன என்று கண் தேடியது. பிறகு வந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, நான் பயந்துபோயி ஒங்க பேரச் சொல்லிட்டேன். அதனால இந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் கொறஞ்சிடாமப் பாத்துக்குங்க. ரெண்டு வீடும் ஒண்ணுக்கொண்ணு உண்மையா இருக்க ஒதவி செய்ங்க. ஆமென்."

நீளமான ஜெபம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த பெரியவர்கள் சற்றுத் தாமதமாகத்தான் கண்ணைத் திறந்தார்கள். அதற்கு முன்பே மகள் ஆமென் சொல்லிவிட்டாள். சத்தமாக.

திரும்பி வரும் பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அவருக்குக் கூச்சம் கொஞ்சம் தெளிஞ்சிருச்சு போல" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த முதல் சீட்டுதான் ஆண்டவரின் குரல் என்று நான் சொல்ல வரவில்லை. பெட்டியில் எத்தனையோ சீட்டு. கையில் எதுவும் வந்திருக்கலாம். என் நினைப்பு எது, அவர் சொல்வது எது என்று இப்போதும் எனக்குப் பல நாள் தெரிவதில்லை. முடிவை முன்பே எடுத்து வைத்துக்கொண்டு அதற்குக் கையெழுத்து வாங்கத்தான் அன்று அவரிடம் போனேன் என்பது மட்டும் தெரியும். அதனால் இப்போது ஒரு பழக்கம். எனக்கு ரொம்ப வசதியாக ஒரு பதில் வந்தால் அதை நானே சரி என்று சொல்லிக்கொள்வதில்லை. மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். அவள் டியூப்லைட்டைச் சாய்த்துப் பிடிப்பதில் பாயைவிடக் கெட்டிக்காரி.

கல்யாணம் முடிந்து மகள் கொடைரோட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. மாதம் ஒரு தடவை இருவரும் வந்து தங்குவார்கள். காலை ஜெபத்தில் பெட்டி என்னிடம் வரும்போது அவள் தன் பக்கத்தில் இருந்து கையை நீட்டி, பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். நான் ஒரு சீட்டு எடுத்ததும் மூடிவிடுவாள்.

"ஒண்ணு போதும்ப்பா."

மருமகனுக்கு இந்தக் கதை தெரியும். அவன் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வான். நான் விரலை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பேன்.